சோளக்கட்டை சொன்ன சாட்சி



ஆண்டு மலருக்குப் படைப்புகள் தரலாம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் எங்க வகுப்பில் பாதிப் பேர் கவிதை எழுத உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. நிலா, நட்பு, மழை எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் எழுதப்போவது சோளக்கட்டையைப் பற்றி. சிரிக்க வேண்டாம்! அந்தச் சோளக்கட்டையால் எங்க வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர் இரண்டு தீபாவளி பேசாமல் இருந்தார்கள். என் படிப்பும் அதில் மாட்டிக்கொண்டு நின்றது.

எனக்கு ஊர் வளவனூர். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகிற ரோட்டில் பஸ்ஸில் வருபவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே எங்களுக்கு ஒன்றரைக் காணி கொல்லை. தாத்தா இறந்ததும் அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கு முக்கால் காணி என்று பிரித்துக்கொண்டார்கள். கிணறு மட்டும் பொது. நடுவில் ஒரு வரப்பு, அவ்வளவுதான்.

எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அம்மா மூணாவது வரைக்கும். சித்தப்பா மட்டும் எட்டாவது வரைக்கும் போய்விட்டுக் கொத்தனார் வேலைக்குப் போனவர். நான் பத்தாவது பாஸ் பண்ணினதும், "பொட்டப்புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்பி இன்னாத்த பண்ணப்போற?" என்று தெருவே கேட்டது. சித்தப்பாதான், "நான் சைட்டுல இஞ்சினியருங்களப் பாக்கறேன் அண்ணே. பொண்ணுங்க தொப்பி போட்டுக்கிட்டு மேல நின்னு, எங்க மேஸ்திரியவே கேள்வி கேக்குதுங்க. நம்ம பொண்ணு கேக்கக் கூடாதா?" என்று அப்பாவிடம் பேசினார். அட்மிஷன் ஃபாரத்தை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி நிரப்பியது அவர்தான். சிவில் எடுக்கச் சொன்னதும் அவர்தான்.

நான் முதலாண்டு படித்த வருடம் தை மாதம் சித்தப்பாவுக்குப் புதுச்சேரியில் பெரிய வேலை ஒன்று கிடைத்தது. அவர் பாதியில் மாட்டுத் தீவனத்துக்குப் போட்டிருந்த சோளத்தை அறுத்துவிட்டு, "அண்ணே, இந்தப் பட்டம் என் பங்கையும் சேத்து நீயே வச்சுக்கோ. குத்தகை கித்தகை ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பாதியில் உளுந்து எடுத்திருந்தோம். அப்பா இரண்டு பாதியையும் ஒரே நாளில் டிராக்டர் விட்டு ஓட்டினார். அறுத்த சோளக்கட்டை அப்படியே மண்ணுக்குள் மடங்கியது. மறுவாரமே மாசிப்பட்டத்துக்கு எள் தூவினார். எள் பொடிவிதை என்பதால் மணலோடு கலந்துதான் தூவ வேண்டும். மணல் கலந்து கொடுத்தது நான். ஒரே விதை, ஒரே கை, ஒரே கிணற்றுத் தண்ணி. அந்த எள்ளை வித்துத்தான் என் ரெண்டாம் வருஷ ஃபீஸ் என்று கணக்கு.

இருபது நாளில் கொல்லையைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். எங்கள் பாதியில் எள் பச்சையாக நிற்கிறது. சித்தப்பா பாதியில் அங்கொன்றும் இங்கொன்றும் முளைத்து, முளைத்ததும் மஞ்சள் பூத்து, சாண் உயரத்துக்கு மேல் வரவில்லை. கயிறு பிடித்துக் கோடு போட்ட மாதிரி வரப்போடு பச்சை நின்றுவிட்டது.

அப்பாவுக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. "சோளத்துக்குக் களைக்கொல்லி அடிச்சிருக்கான். அந்த விஷம் மண்ணுல நிக்குது. அத மறைச்சுட்டு, பெரிய மனுஷன் மாதிரி நெலத்தத் தூக்கிக் குடுத்துருக்கான்."

சித்தப்பா புதுச்சேரியிலிருந்து வந்து வரப்பில் நின்று சொன்னார்: "எங்கம்மா மேல சத்தியம். ஒரு சொட்டு அடிக்கல." அப்பா நம்பவில்லை. வார்த்தை தடித்தது. நான் இங்கே எழுத முடியாத வார்த்தைகள் சிலவும் வந்தன. கடைசியில் சித்தப்பா என்னைப் பார்த்து, "நீ ஒழுங்காப் படி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஃபீஸ் கட்ட அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. அம்மா காதில் வேப்பங்குச்சி ஏறியது.

அந்தச் சண்டை நடந்தபோது ஆயா திண்ணையில் உட்கார்ந்து ஒன்று சொன்னது: "சோளம் மண்ணச் சுட்டுட்டுப் போவும்டா. கட்டையப் பிடுங்காம ஏன் ஏர் ஓட்டுன? உங்கப்பன் இருந்தவரைக்கும் அப்படி ஓட்டுனது உண்டா?" யாரும் காதில் வாங்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும்தான் வாங்கவில்லை. பாலிடெக்னிக் படிக்கிற பெண் ஆயா பேச்சைக் கேட்குமா என்ன?

இரண்டு வருடம் ஓடியது. போன ஆவணியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில், கருவேலஞ்செடி வெட்டிக் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது, வேளாண்மைத் துறையிலிருந்து வந்த ஒருவர் பயிர்களைப் பற்றிப் பேசினார். பாதித் தூக்கத்தில் இருந்தேன். "சோளம் தன் வேரிலேயே களைக்கொல்லி வைத்திருக்கிற பயிர்" என்றார். தூக்கம் போய்விட்டது! எழுந்து போய் இரண்டு முறை திருப்பிக் கேட்டேன். அதன் பிறகு நூலகத்திலும் கம்ப்யூட்டர் லேபிலும் தேடித்தேடிப் படித்ததைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

செடிக்குக் கால் கிடையாது. பக்கத்தில் ஒருவன் வந்து இடத்தைப் பிடித்தால் எழுந்து போக முடியாது. ஆகவே சில செடிகள் ரசாயனத்தால் சண்டை போடுகின்றன. வேர் வழியாகக் கசியவிடும், இலையிலிருந்து மழைத்தண்ணியில் இறங்கவிடும், செத்து மக்கும்போது மண்ணில் விட்டுப்போகும். பக்கத்துச் செடியின் விதை முளைக்காது. முளைத்தாலும் வேர் நீளாது. இதற்கு அல்லெலோபதி என்று பெயர். 1937-ல் இந்தப் பெயரை வைத்தவர் ஹன்ஸ் மோலிஷ் என்ற ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியல் அறிஞர். அவர் அதற்குச் சில வருடம் முன்பு கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸின் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து வேலை செய்துவிட்டுப் போனவர் என்று படித்தபோது, ஏதோ உறவுக்காரரைப் பற்றிப் படித்த மாதிரி இருந்தது.

பெயர்தான் புதிது, விஷயம் பழையது. கிரேக்க நாட்டுத் தியோபிராஸ்டஸ் இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்பே, கொண்டைக்கடலை மண்ணைக் களைப்பாக்கும், களையையும் அழிக்கும் என்று எழுதிவைத்திருக்கிறார். ஆயா எழுதிவைக்கவில்லை. அதுதான் வித்தியாசம்!

இப்போது சோளத்துக்கு வருவோம். சோளத்தின் இளம் வேரில் இருக்கிற மெல்லிய முடிகளின் நுனியில் மஞ்சள் நிறத்தில் எண்ணெய்த் துளிகள் கசியும். 1986-ல் அமெரிக்காவில் நெட்ஸ்லி, பட்லர் என்ற இருவர் அந்தத் துளியை ஆராய்ந்து எழுதினார்கள். அதில் உள்ள முக்கியமான பொருளுக்குச் சோர்கோலியோன் என்று பெயர். சோளத்தைச் சோர்கம் என்பார்களே, அதிலிருந்து வந்த பெயர். இது பக்கத்தில் முளைக்கிற சின்னச் செடிகளின் ஒளிச்சேர்க்கையை நிறுத்திவிடுகிறது. பொடிவிதையிலிருந்து வருகிற செடிகளைத்தான் அதிகம் பாதிக்கும். எள் எவ்வளவு பொடி என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்து படித்ததுதான் என்னை உட்கார விடவில்லை. அட்ரசின் என்று ஒரு களைக்கொல்லி உண்டு. சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் அடிப்பது. அது செடியின் பசுங்கணிகத்துக்குள் போய் எந்த இடத்தில் உட்கார்ந்து ஒளிச்சேர்க்கையை அடைக்கிறதோ, அதே இடத்தில்தான் சோர்கோலியோனும் போய் உட்காருகிறது! ஒரே பூட்டு, இரண்டு சாவி.

அப்படியானால், நண்பர்களே, "மண்ணில் களைக்கொல்லி இருக்கிறது" என்று அப்பா சொன்னதும் பொய் இல்லை. "நான் ஒரு சொட்டு அடிக்கவில்லை" என்று சித்தப்பா சொன்னதும் பொய் இல்லை. அடித்தது சோளம்!

இது மட்டும் இல்லை. சோளத்துக்குள் துரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது உடைந்தால் சயனைடு விஷம் வரும். வறட்சியில் வாடின இளஞ்சோளத்தை மாடு மேய்ந்தால் ஏன் சாய்கிறது என்பதற்கு அதுதான் காரணம். கட்டையும் வேரும் மண்ணுக்குள் அழுகும்போது ஃபீனால் வகை அமிலங்கள் தண்ணியில் இறங்கும். அதற்கும் மேலே, சோளக்கட்டையில் சர்க்கரையும் நாரும் அதிகம், தழைச்சத்து குறைவு. அதை மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் தங்களுக்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். அடுத்த பயிர் பட்டினியாக நிற்கும், மஞ்சள் பூக்கும். எங்கள் எள் பூத்த அதே மஞ்சள்!

சோளம் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். நாம் தினமும் சாப்பிடுகிற நெல்லும் மோமிலாக்டோன் என்ற பொருளை வேர் வழியாக விடுகிறது. 1973-ல் ஜப்பானில் நெல் உமியிலிருந்துதான் அதை முதலில் பிரித்தார்கள். தைவானில் இரண்டாம் போக நெல் விளைச்சல் ஏன் குறைகிறது என்று தேடிய சூ சாங்-ஹங் என்ற விஞ்ஞானி, வயலில் மடக்கி உழுத முதல் போக வைக்கோல் அழுகி விடுகிற அமிலங்களும் அதற்கு ஒரு காரணம் என்று காட்டினார். தன் வைக்கோலே தன் பிள்ளைக்கு எதிரி!

நம்ம கல்லூரிகள் பலவற்றில் சிவப்பு பிரஷ் மாதிரிப் பூப்பூக்கிற பாட்டில் பிரஷ் மரம் நிற்கும், பார்த்திருப்பீர்கள். 1977-ல் கலிபோர்னியாவில் ஒருவர் தன் வீட்டில் அந்த மரத்தடியில் களை அதிகம் முளைக்காததைக் கவனித்தார். அந்த மண்ணிலிருந்து பிரித்த பொருளைப் பார்த்து அதே மாதிரி செயற்கையாகச் செய்து செய்து, கடைசியில் மீசோட்ரியோன் என்ற களைக்கொல்லி 2001-ல் கடைக்கு வந்தது. மரத்தடியில் எத்தனையோ பேர் உட்கார்ந்து அரட்டை அடித்திருப்பார்கள். ஒருவர்தான் கீழே பார்த்தார்.

சோள விவசாயிகளின் பெரிய எதிரி சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிச் செடி. அது சோளத்தின் வேரில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும். கென்யாவில், மக்காச்சோளத்தில் தண்டுத்துளைப்பானை விரட்டலாம் என்று டெஸ்மோடியம் என்ற பயறு வகைச் செடியை ஊடே நட்டார்கள். பார்த்தால் சுடுமல்லியும் காணாமல் போய்விட்டது! டெஸ்மோடியத்தின் வேர் விடுகிற ரசாயனம்தான் அதைத் தடுத்தது. அந்த ஆராய்ச்சியை நடத்தியவர் ஜியாவுர் கான் என்ற இந்திய விஞ்ஞானி. நம் நாட்டிலேயே ஹரியானாவில் ஹிசாரிலிருந்து நர்வால் என்பவர் 1994-ல் இந்தத் துறைக்கென்றே தனியாக ஓர் ஆராய்ச்சி இதழ் தொடங்கியிருக்கிறார். ஆக, பக்கத்துச் செடியை அழிக்கிற குணத்தையே விவசாயிக்கு உதவியாகத் திருப்ப முடியும். சரியான இடத்தில், சரியான நேரத்தில் வைத்தால் போதும்.

சரி, படித்தாயிற்று. அப்பாவிடம் போய் "ஒளிச்சேர்க்கை", "சோர்கோலியோன்" என்றால் என்ன ஆகும்? "உன்ன இதுக்கா படிக்க வச்சேன்?" என்பார். கண்ணால் காட்ட வேண்டும்.

கிணற்றடியில் எங்கள் மாட்டுக்காக அப்பாவே போட்ட சோளம் கொஞ்சம் இருந்தது. அதில் களை எடுத்தது நானும் அம்மாவும், கையால். மருந்து என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தக் கட்டையையும் வேரையும் பொடியாக வெட்டி ஒருநாள் முழுக்கத் தண்ணியில் ஊறவைத்து, துணியில் வடிகட்டினேன். இரண்டு டிபன் டப்பாவில் பஞ்சு பரப்பி ஆளுக்கு ஐம்பது எள். ஒன்றுக்கு வெறும் கிணற்றுத் தண்ணி, ஒன்றுக்குச் சோளத்தண்ணி. நாலாம் நாள் எண்ணினேன். கிணற்றுத் தண்ணியில் 46 முளைத்திருந்தது. சோளத்தண்ணியில் 17. அந்தப் பதினேழிலும் வேர் நுனி பழுப்பேறிச் சுருண்டு கிடந்தது.

துள்ளிக் குதித்துக்கொண்டு போய் எங்கள் கெமிஸ்ட்ரி சாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உப்புத்தண்ணி ஊத்துனாக்கூட முளைக்காதும்மா. டப்பாவுல நடக்கறது எல்லாம் கொல்லையில நடக்கும்னு சொல்ல முடியாது. மண்ணுல போட்டுப் பாத்தியா?" என்றார். முகம் வாடிப்போனேன். ஆனால் அவர் சொன்னது சரி. எண்ணெய்த் துளியாக இருக்கிற சோர்கோலியோன் தண்ணியில் கரையாது. என் டப்பாவில் வேலை செய்தது கட்டையிலிருந்து இறங்கிய மற்றவை. மேலும் மண் சும்மா இருக்காது. செனகல் நாட்டில் மணற்பாங்கான நிலத்தில் சோளத்துக்குப் பின் போட்ட சோளமே கெட்டது, மான்ட்மோரில்லோனைட் களிமண் நிறைந்த நிலத்தில் அப்படித் தெரியவில்லை என்று படித்தேன். மான்ட்மோரில்லோனைட்! நாம் மண் லேபில், தண்ணி பட்டால் வீங்கும், அஸ்திவாரத்தைத் தூக்கும் என்று திட்டிக்கொண்டே படிக்கிற அதே களிமண். எங்கள் கொல்லை செம்மண் கலந்த மணல்.

மூன்று மண்தொட்டி எடுத்தேன். மூன்றிலும் எங்கள் கொல்லை மண். முதலாவதில் கட்டை இல்லை. இரண்டாவதில் கட்டையை நறுக்கிக் கலந்து உடனே எள் போட்டேன். மூன்றாவதில் கட்டை கலந்து, ஒரு மாதம் தண்ணி மட்டும் தெளித்துக் கிளறி, அப்புறம் எள். முதலாவது நன்றாக வந்தது. இரண்டாவது எங்கள் கொல்லையைப் படம் பிடித்த மாதிரி: கொஞ்சம் முளை, அதுவும் மஞ்சள். மூன்றாவது? கிட்டத்தட்ட முதலாவது மாதிரியே! நாள் கொடுத்தால் மண் தானே ஆறிவிடுகிறது.

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு தொட்டிகளைத் திண்ணையில் வரிசையாக வைத்து அப்பாவைக் கூப்பிட்டேன். எதில் என்ன போட்டேன் என்று சொன்னேன். அவர் குந்தி உட்கார்ந்து இரண்டாவது தொட்டியை ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார்.

"இது நம்ம கெணத்தடி சோளந்தானா?"

"ஆமாம்பா. நீ போட்டது."

அவர் ஒன்றும் பேசவில்லை. ஆயாதான் விடவில்லை. "இத நான் அன்னைக்கே சொன்னேன். கெழவி பேச்சு. அதே பேச்ச இவ தொட்டியில வச்சிக் காட்டுனா கேப்பீங்க" என்றது. எனக்குச் சுருக்கென்றது. அது அப்பாவுக்கு மட்டும் சொன்னது இல்லை.

பொங்கலன்று காலையில் அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்து, "அந்தத் தொட்டிய எடுத்துக்க" என்றார். சித்தப்பா வீடு அதே தெருக்கோடி. எப்போதும் ஓடுகிற தூரம்தான். அன்று நீளமாக இருந்தது. வாசலில் நின்று அப்பா சொன்னது இவ்வளவுதான்: "பொண்ணு உன்கிட்ட என்னமோ காட்டணும்னா."

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையே கிடையாது. சித்தப்பா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீ சிவிலா, அக்ரியா?" என்றார். சித்தி உள்ளேயிருந்து வந்து, "இந்தக் கட்டைக்கா ரெண்டு தீபாவளி போச்சு?" என்று அழுதுகொண்டே இலை போட்டாங்க. அப்பா சாப்பிட்டார்.

சித்தப்பா பாதியில் இந்த வருடமும் சோளம்தான் நின்றது. அறுத்ததும் இரண்டு பேரும் சேர்ந்து கட்டையைப் பிடுங்கி வரப்பில் போட்டார்கள். ஓட்டி, தண்ணி கட்டி, ஒரு மாதம் சும்மா விட்டார்கள். மாசிக் கடைசியில் எள் தூவினோம். திண்டிவனத்தில் எண்ணெய் வித்துக்கள் ஆராய்ச்சி நிலையம் இருப்பது உங்களுக்குத் தெரியும், டி.எம்.வி. என்று ஆரம்பிக்கிற எள், மல்லாட்டை ரகங்களுக்கெல்லாம் அந்த ஊர்தான் பெயர். நாங்கள் போட்டதும் அதில் ஒன்று. இதை எழுதும்போது எள் விரற்கடை உயரம் வந்திருக்கிறது. வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பச்சை. அம்மாவின் கம்மல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. வைகாசியில் எள் உலுக்கினால் திருப்பலாம்.

தோழர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள். படிக்க வந்ததும் நமக்கு முதலில் வருகிற நோய், வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்பு. எனக்கும் வந்தது. ஆயாவுக்கு விடை தெரிந்திருந்தது, காரணம் தெரியவில்லை. எனக்குக் காரணம் கிடைத்தது, அதுவும் ஆயா விடையைச் சொன்ன இரண்டு வருடம் கழித்து. இரண்டும் சேர்ந்திருந்தால் ஒரு சண்டையே வந்திருக்காது.

உங்கள் ஊரிலும் யாராவது ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். இந்த லீவில் போய்க் கேளுங்கள். கேட்டதை அப்படியே நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். இரண்டு டிபன் டப்பாவும் கொஞ்சம் பஞ்சும் போதும்!

— மூன்றாம் ஆண்டு மாணவி, சிவில் பிரிவு, வளவனூர்